பனிக்கட்டியும் பேரழுத்தமும்

சைபீரியாவில் பைக்கால் என்னும் பெயருடைய ஏரி ஒன்று உண்டு. உலகத்து ஏரிகளுள் அதுவே மிக ஆழமானது. 1,600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. குளிர்காலம் வந்துற்றதும் அவ்வேரியின் மேற்பரப்பு முழுவதும் உறைந்து பாறைபோல் இறுகிவிடும். 1904-ஆம் ஆண்டில் உருசியாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டபோது, ஏரியைச் சுற்றிச் செல்லும் இருப்புப்பாதை முற்றுப்பெறாதிருந்தது. ஆதலின் உருசியர் பனிக்கட்டியின் மீதே தண்டவாளங்களைப் பரப்பினர். புகைவண்டிப் பெட்டிகளைக் குதிரைகள் பூட்டி இழுப்பித்து அக்கரை சேர்த்தனர். மேலே வண்டிகள் உருண்ட அந்நாளிலும் கீழே மீன்கள் உயிருடன் உலவிக்கொண்டிருந்தன. அவ்வேரிக்கே உரிய சீல் என்னும் விலங்குகள் பனிக்கட்டியில் துளை செய்து, அதன் வழியே மூச்சு வாங்கி வாழ்ந்தன.

மேலே பாறை, கீழே நீர். இவ்வமைப்பு எங்ஙனம் உண்டாயிற்று? பனிக்கட்டி நீரில் மிதப்பதே இதற்குக் காரணம். இது நாள்தோறும் காணும் செய்தியாதலின் எவரும் வியப்பதில்லை. உண்மையில் இது பெருவியப்புக்கு உரியது. உருக்கிய நெய்யில் உறைந்த நெய்க்கட்டியை இட்டால் அஃது அடியிற் சென்று தங்கும். உருகிய மெழுகில் மெழுகுத் துண்டும் அவ்வாறே அமிழும். பொருள்களுட் பெரும்பாலான உறையும்போது சுருங்கி, அடர்த்தி மிகப் பெறுகின்றன. நீரோ உறையும்போது விரிகின்றது. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். அதே அளவுள்ள பனிக்கட்டியின் எடை 0.917 கிராமே ஆகும். நீரும் ஏனைய பொருள்களைப் போலச் சுருங்கி உறையுமாயின், தோன்றுகின்ற பனிக்கட்டி உடனுக்குடன் அடியிற் சென்று படியும். குளிர்நாட்டு ஏரிகள் அடியிலிருந்து மேல்நோக்கி உறைந்து வரும். மீனினம் பிழைத்தல் அரிதாகும்.

ஆகவே, பனிக்கட்டியினுள் வெற்றிடம் மிகுந்துள்ளது என்பது தெளிவு. அவ்வெற்றிடத்தைத் தாங்கி நிற்பது எது? பேரழுத்தத்தால் அதனை நெருக்கினால் யாது நேரும்? தாங்கி நிற்கும் அப்பொருள் முறியுமோ, வளையுமோ, வேறு ஏதேனும் வழி தேடுமோ? இவ்வினாக்களுக்கு விடை காண அறிஞர் பலர் நூறாண்டுகளுக்கு மேலாக உழைத்து வந்துள்ளனர். அவர்கள் கண்ட விடை எவரும் எதிர்பாராத ஒன்றாக அமைந்தது.

கொள்வினையும் கொடுப்பினையும்

ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது ஒரு நீர் மூலக்கூறு. ஆக்சிஜன் நடுவே நிற்க, ஹைட்ரஜன்கள் இரண்டும் விரித்த இரு கைகளைப் போல ஒரு புறமாக நீண்டிருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 104½ பாகை. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து வைத்துள்ள இப்பிணைப்பு வன்மை மிக்கது. நீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்கினாலும் இஃது அறுவதில்லை.

ஆக்சிஜன் அணு எலக்ட்ரான்களைத் தன்பால் ஈர்க்கும் இயல்புடையது. அதனால் ஹைட்ரஜன் பக்கத்தில் சிறிதளவு நேர்மின் தன்மையும், ஆக்சிஜன் பக்கத்தில் சிறிதளவு எதிர்மின் தன்மையும் அமைகின்றன. எனவே, ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் அண்டையிலுள்ள மற்றொரு மூலக்கூறின் ஆக்சிஜனால் ஈர்க்கப்படுகின்றது. இவ்வீர்ப்பினையே ஹைட்ரஜன் பிணைப்பு என்பர். மூலக்கூறினுள் இருக்கும் வன்பிணைப்பின் வலிமையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே இதற்கு உண்டு. ஆயினும் பனிக்கட்டியின் கட்டுக்கோப்பு முழுவதும் இம்மென்பிணைப்பை நம்பியே நிற்கின்றது.

பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஹைட்ரஜன்கள் இரண்டினையும் அண்டை மூலக்கூறுகள் இரண்டினை நோக்கி நீட்டுகின்றது. வேறு இரண்டு அண்டை மூலக்கூறுகள் நீட்டும் ஹைட்ரஜன்களைத் தன் ஆக்சிஜனால் ஏற்றுக்கொள்கின்றது. குடும்பங்களுக்கிடையே நிகழும் கொள்வினை கொடுப்பினையைப் போன்றது இது. கொடுப்பன இரண்டு, கொள்வன இரண்டு, ஆக உறவுகள் நான்கு. அந்நான்கு உறவினரும் ஒரு நான்முகியின் நான்கு மூலைகளில் நிற்க, நடுவில் அம்மூலக்கூறு நிற்கும்.

நாரத்தம்பழங்களைக் குவித்து வைத்தால், குவியலின் உள்ளே இருக்கும் ஒரு பழத்தைச் சுற்றிப் பன்னிரண்டு பழங்கள் வரை நெருங்கி நிற்கலாம். நீர் மூலக்கூறோ நான்கு அண்டைகளோடு அமைந்துவிடுகின்றது. நான்கு திசைகளிலும் பிணைப்புகள் கோல்போல் நீண்டு நிற்பதால் வேறு மூலக்கூறுகள் உள்ளே புக இடமில்லை. இவ்வாறு கோத்துக் கோத்துச் செல்லும்போது, ஆறு ஆறு மூலக்கூறுகள் சேர்ந்த வளையங்கள் உருவாகின்றன. பிரம்பு நாற்காலியின் பின்னலில் கண்கள் இருத்தல் போல, அவ்வளையங்களின் நடுவே வெற்றிடம் இருக்கின்றது. வானிலிருந்து உதிரும் பனித்துகள் ஆறு கதிர்களுடன் விளங்குவதும், பனிக்கட்டி மிதப்பதும் இவ்வமைப்பினாலேயே ஆகும்.

இங்கு அளவு ஒன்றையும் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடிப் பங்காகப் பகுத்தால் அதில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ரம் எனப்படும். பனிக்கட்டியில் அடுத்தடுத்த இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையேயுள்ள தொலைவு 2.76 ஆங்ஸ்ட்ரம். இவற்றின் இடையே நிற்கும் ஹைட்ரஜன் நடுவில் நிற்பதில்லை. தன் சொந்த ஆக்சிஜனிடமிருந்து ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ரம் அளவிலும், அண்டை ஆக்சிஜனிடமிருந்து ஏறத்தாழ 1¾ ஆங்ஸ்ட்ரம் அளவிலும் நிற்கின்றது. ஹைட்ரஜன் யாருடையது என்பதில் ஐயமே இல்லை. ஒன்று வீடு, மற்றொன்று அண்டை வீடு.

மூடுபனியிற் பிறந்த கருத்து

இவ்வமைப்பினை விளக்கிய பெருமை பெர்னால், பவுலர் என்னும் அறிஞர் இருவருக்கு உரியது. 1932-ஆம் ஆண்டில் அவர்கள் மாஸ்கோ விமான நிலையத்தில் பயணத்திற்காகக் காத்திருந்தனர். மூடுபனி விலகாமையால் விமானம் புறப்படவில்லை. கண்முன் சூழ்ந்திருந்த பனியே அவர்களுடைய பேச்சுக்குப் பொருளாயிற்று. நீரின் அமைப்பைப் பற்றிப் பெர்னால் தம் கருத்துகளை எடுத்துரைக்க, பவுலர் அவற்றை எழுதி வெளியிடுமாறு ஊக்கினார். இருவரும் எழுதிய கட்டுரை 1933-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அதிற் கண்ட விதிகள் இரண்டு. ஒவ்வோர் ஆக்சிஜனுக்கும் அண்மையில் இரண்டு ஹைட்ரஜன்களே இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. இணைந்துள்ள இரண்டு ஆக்சிஜன்களுக்கு இடையே ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உட்பட்டு, ஒரு மூலக்கூறு தன் கைகளை நான்கு திசைகளுள் எவ்விரண்டிலும் நீட்டலாம். அவ்வாறு நீட்டும் வகைகள் ஆறு. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் லைனஸ் பாலிங், இவ்வுரிமையினால் பனிக்கட்டியில் எஞ்சி நிற்கும் ஒழுங்கின்மையைக் கணக்கிட்டுக் காட்டினார். வெப்பத்தை நுட்பமாக அளந்து கண்ட முடிவுகளும் அவர் கணக்கோடு ஒத்திருந்தன.

நெருக்கத் தொடங்கியோர்

கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் காற்று ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையளவு அழுத்துகின்றது. இதனை ஒரு வளிமண்டல அழுத்தம் என்பர். உலகப் பெருங்கடல்களில் மிக ஆழமான மரியானாப் பள்ளத்தின் அடியில் அழுத்தம் இதைப்போல் ஏறத்தாழ 1,100 மடங்கு. பனிக்கட்டியின் பிணைப்பை ஆராய இதுவும் போதாது.

அழுத்தம் எப்போதும் குறைந்த இடங்கொள்ளும் நிலையையே நாடும். ஆதலின் பனிக்கட்டியை அழுத்தினால் அது முதலில், தன்னைவிடக் குறைந்த இடங்கொள்ளும் நீராகவே மாற முயல்கின்றது. ஏறத்தாழ 2,000 வளிமண்டல அழுத்தத்தில், பூச்சியத்திற்குக் கீழே 22 பாகை செல்சியஸ் வரை குளிர்வித்தாலும் நீர் உறைவதில்லை. அதற்கு மேலும் அழுத்தினால் நேர்வது யாது? 1900-ஆம் ஆண்டில் குஸ்தாவ் தம்மான் என்னும் வேதியியல் அறிஞர் இதனை ஆராய்ந்தார். கடுங்குளிரில் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே சென்றபோது, பனிக்கட்டி திடீரெனச் சுருங்கி வேறு வடிவங்கள் கொள்வதைக் கண்டார். அவை இரண்டாம் பனிக்கட்டி, மூன்றாம் பனிக்கட்டி எனப் பெயர் பெற்றன. அன்றுவரை உலகம் அறிந்திருந்த பனிக்கட்டி முதலாம் பனிக்கட்டி ஆயிற்று.

தம்மான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பெர்சி பிரிட்ஜ்மன். அழுத்த ஆராய்ச்சிக்கு அந்நாளிற் பெருந்தடையாக இருந்தது கசிவு. எஃகுக் குழாயினுள் நீர்மத்தை எவ்வளவு இறுக்கமாக அடைத்து அழுத்தினாலும், அஃது ஓர் இடுக்கு வழியே பீறிட்டு வெளியேறிவிடும். பிரிட்ஜ்மன் அமைத்த அடைப்போ, உள்ளே அழுத்தம் கூடக்கூடத் தானும் அதனினும் மிகுதியாக இறுகும் இயல்புடையது. கசிவதற்குக் காரணமான அழுத்தமே கசிவைத் தடுக்கும் காவலுமாயிற்று. இக்கருவியைக் கொண்டு அவர் 20,000 வளிமண்டல அழுத்தம் வரை சென்று, நீரின் ஐந்து திடவடிவங்களைப் பற்றிய பெருங்கட்டுரையை 1912-ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஐந்தாம் பனிக்கட்டியும் ஆறாம் பனிக்கட்டியும் அதில் வெளிப்பட்டவை. தம்மான் ஐயத்துடன் குறித்திருந்த ஒரு வடிவத்திற்கென நான்காம் எண்ணை அவர் ஒதுக்கி வைத்தார். 1937-ஆம் ஆண்டில் ஏழாம் பனிக்கட்டியையும் கண்டார். பேரழுத்த ஆராய்ச்சிக்காக 1946-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப் பெற்றது.

இப்புதிய பனிக்கட்டிகள் நீரில் மிதப்பன அல்ல, அமிழ்வன. குளிர்ச்சியும் இவற்றுக்கு இன்றியமையாததன்று. 6,200 வளிமண்டல அழுத்தத்திற்கு மேல், நீர் பூச்சியப் பாகைக்கு மேலும் உறைந்து நிற்கும். 10,000 அளவில் அறையின் வெப்பநிலையிலேயே ஆறாம் பனிக்கட்டி தோன்றும். 25,000 அளவில், கொதிநீரின் சூட்டிலும் உருகாமல் ஏழாம் பனிக்கட்டி விளங்கும். கையைச் சுடும் பனிக்கட்டி என்றால் முரணுரை போலத் தோன்றலாம். எனினும் அது மெய்யே.

முதலில் வளைதல்

வடிவங்கள் தெரிந்தன, அவற்றின் உள்ளமைப்பு தெரியவில்லை. 1960-களில் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த பார்க்லே காம்ப் என்பவர் அதனைத் துலக்க முற்பட்டார். அவர் லைனஸ் பாலிங்கின் மருமகனும் ஆவார். அழுத்தத்தில் உண்டான பனிக்கட்டியைத் திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில், அதாவது பூச்சியத்திற்குக் கீழே 196 பாகையில் நிறுத்தி வைத்தால், அழுத்தத்தை நீக்கிய பின்னும் அதன் வடிவம் மாறுவதில்லை. அந்நிலையில் எக்ஸ் கதிர்களை அதனூடே செலுத்தி ஆக்சிஜன்களின் இருப்பிடங்களை அறிய முடிந்தது.

அழுத்தத்தால் பிணைப்புகள் நொறுங்கியிருக்கும் என எதிர்பார்த்தோர்க்கு அங்கே ஏமாற்றமே காத்திருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய பனிக்கட்டிகளில் எந்த மூலக்கூறும் தன் நான்கு உறவுகளுள் ஒன்றையேனும் இழந்திருக்கவில்லை. கொடுப்பன இரண்டு, கொள்வன இரண்டு என்னும் முறை அப்படியே இருந்தது. மாறியவை கோணங்களே. முதலாம் பனிக்கட்டியில் எங்கும் ஏறத்தாழ 109½ பாகையாக இருந்த கோணங்கள், இவற்றில் சில 90 பாகைக்கும் கீழே குறுகின. சில 125 பாகையையும் கடந்து விரிந்தன. நிமிர்ந்து நின்ற பந்தற்கால்கள் சாய்ந்து, கூரை தாழ்ந்தாற் போன்ற நிலை அது. அதனால் உறவில்லாத மூலக்கூறுகள் மிக நெருங்கி வந்தன. முதலாம் பனிக்கட்டியில் பிணைப்பில்லாத அண்டை மூலக்கூறு 4½ ஆங்ஸ்ட்ரம் தொலைவில் இருக்கும். இரண்டாம் பனிக்கட்டியில் அது 3¼ ஆங்ஸ்ட்ரம் அளவுக்கு நெருங்கிவிடுகின்றது. பிணைப்பின் நீளமோ சிறிதும் குறையவில்லை. வெற்றிடத்தை விட்டுக்கொடுத்துப் பிணைப்பைக் காத்துக்கொண்டது பனிக்கட்டி.

ஒன்றனுள் மற்றொன்று

வளைவதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்ததும் பனிக்கட்டி மேற்கொள்ளும் வழி மிகவும் விந்தையானது. கட்டடம் எழுப்புவோர் கழிகளை நட்டுச் சாரம் கட்டுவர். ஒரு சாரத்தின் இடைவெளிகளில் மற்றொரு சாரத்தை, முதற் சாரத்தில் எங்கும் முடிச்சிடாமல் கட்டி எழுப்புவதாகக் கருதுக. இரண்டும் ஒரே இடத்தில் நிற்கும். எனினும் ஒன்றோடொன்று பிணைந்திரா. ஆறாம் பனிக்கட்டியிலும் ஏழாம் பனிக்கட்டியிலும் இத்தகைய இரட்டைச் சாரங்களே உள்ளன. முதலாம் பனிக்கட்டி வீணே வைத்திருந்த வெற்றிடத்தில் மற்றொரு பனிக்கட்டியே குடிபுகுந்தது எனலாம்.

ஏழாம் பனிக்கட்டியில் ஒவ்வொரு மூலக்கூறையும் சூழ்ந்து எட்டு மூலக்கூறுகள் ஒரே தொலைவில் நிற்கின்றன. அவற்றுள் நான்கு தன் சாரத்தைச் சேர்ந்த உறவினர். நான்கு மற்றச் சாரத்தைச் சேர்ந்த அயலார். தொலைவு ஒன்றாயினும் பிணைப்பு உறவினரோடு மட்டுமே. அயலார் தம்முள் ஒருவரையொருவர் தள்ளுகின்றனர். அத்தள்ளுதலினால் இங்கு நேர்வது இன்னும் புதுமையானது. 25,000 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன்களின் இடைத்தொலைவு 2.86 ஆங்ஸ்ட்ரம், முதலாம் பனிக்கட்டியில் அது 2.76 அன்றோ? அழுத்தியதன் பயனாகப் பிணைப்பு நீண்டிருக்கின்றது! ஆதலினாலேதான் இரண்டு சாரங்கள் புகுந்தும் அடர்த்தி இருமடங்காகவில்லை, 1.66 என்ற அளவோடு நின்றது.

வைரப் பட்டடை

வெற்றிடம் யாவும் தீர்ந்தது. இனியும் அழுத்தினால் பிணைப்பே குறுகியாதல் வேண்டும். அந்நிலையைக் காணப் பிரிட்ஜ்மனின் எஃகுக் கலங்கள் போதா. 1958, 1959-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் வைரப் பட்டடை என்னும் கருவி தோன்றியது. பட்டை தீட்டிய வைரங்கள் இரண்டினை முனையோடு முனை எதிரெதிராக வைத்து, இடையே சிறு துளையுடைய உலோகத் தகட்டினைச் செருகி, அத்துளையில் ஒரு துளி நீரை இடுவர். பின்னர்த் திருகாணியைக் கையால் முடுக்கினாலே போதும். ஊசியின் முனை சிறிதாயிருத்தலால் சிறு விசையும் துணியைத் துளைப்பது போல, வைரமுனையின் பரப்பு மிகச் சிறிதாயிருத்தலால் சிறு விசையும் இலட்சக்கணக்கான வளிமண்டல அழுத்தமாகின்றது. பொருள்களுள் வலியது வைரம். அதனோடு ஒளி ஊடுருவவும் இடந்தருவது. ஆகவே நெருக்கும் கருவியே உள்ளே காணும் பலகணியாகவும் பயன்பட்டது.

ஆயினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. காணவேண்டியது ஹைட்ரஜனின் இருப்பிடம். ஹைட்ரஜனோ அணுக்களுள் மிக இலேசானது. ஒரே ஓர் எலக்ட்ரானை உடையது. எக்ஸ் கதிர்களுக்கு ஆக்சிஜன் தெளிவாகப் புலப்படும். ஹைட்ரஜன் பெரும்பாலும் புலப்படாது. ஆக்சிஜன்களின் அணிவகுப்போ மாறாமல் அப்படியே நின்றது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று இடம் பெயர்வதை எங்ஙனம் அறிவது?

தாழ்ந்து வந்த ஒலி

காண இயலாததைக் கேட்டறியலாம். யாழின் நரம்பை இறுக்கினால் அதன் ஒலி உயரும், தளர்த்தினால் தாழும். ஒலியைக் கொண்டே நரம்பின் இறுக்கத்தை அறிவான் யாழிசைப்போன். அணுக்களைச் சேர்க்கும் பிணைப்புகளும் நரம்புகளைப் போல அதிர்கின்றன. ஒவ்வொன்றும் தன் அதிர்வுக்கு ஏற்ற அகச்சிவப்புக் கதிரை ஏற்று விழுங்கும். எக்கதிர் விழுங்கப்படுகின்றது என்பதை அறிந்தால் பிணைப்பின் இறுக்கம் தெரிந்துவிடும்.

பொருள்களை நெருக்கினால் பிணைப்புகள் இறுகி அதிர்வு உயருதலே பெரும்பான்மையான வழக்கம். ஏழாம் பனிக்கட்டியிலோ, ஆக்சிஜனுக்கும் அதன் சொந்த ஹைட்ரஜனுக்கும் இடையிலுள்ள வன்பிணைப்பின் அதிர்வு, அழுத்தம் ஏற ஏறத் தாழ்ந்துகொண்டே வந்தது. இதன் பொருள் யாது? வன்பிணைப்பு தளர்கின்றது என்பதே. ஆக்சிஜன்கள் நெருங்குந்தோறும் மென்பிணைப்பு குறுகி வலிமை பெற்றது. வன்பிணைப்பு நீண்டு வலிமை இழந்தது. ஹைட்ரஜன் தன் வீட்டைவிட்டுச் சிறிது சிறிதாக அண்டை வீட்டை நோக்கி நகரத் தொடங்கிற்று.

இதனை வயலின் உவமையால் விளக்கலாம். இரண்டு பள்ளமான வயல்களுக்கு இடையே உயர்ந்த வரப்பு ஒன்று இருக்கின்றது. ஹைட்ரஜன் ஒரு வயலில் தங்கியிருக்கும். வரப்பின் உயரத்தால் மற்றதற்குச் செல்ல இயலாது. ஆக்சிஜன்கள் நெருங்க நெருங்க வயல்கள் இரண்டும் அணுகுகின்றன, வரப்பும் தாழ்கின்றது. இறுதியில் வரப்பே மறைந்து, இரு வயல்களும் ஒரே வயலாகின்றன. மேலும், ஹைட்ரஜன் மிக இலேசான அணுவாதலின், வரப்பு முழுதும் மறையும் முன்னரே அதனை ஊடுருவி இருபுறமும் உலவ வல்லது. நுண்ணணுக்களுக்கே உரிய இவ்வியல்பும் இங்குப் பங்கு கொள்கின்றது என்பதைப் பெனுவா, மார்க்ஸ், பாரினெல்லோ என்னும் அறிஞர் மூவர் 1998-ஆம் ஆண்டில் கணிப்பொறிக் கணக்குகளால் காட்டினர்.

யாருடைய ஹைட்ரஜன்?

ஹைட்ரஜன் நடுவிற்கு வந்து நிற்கும் காலம் ஒன்று உண்டு என்பதை ஹோல்சாப்பல் என்னும் அறிஞர் 1972-ஆம் ஆண்டிலேயே முன்னறிந்து கூறினார். அக்கூற்று மெய்ப்பட 24 ஆண்டுகள் கடந்தன. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு குழுவினரும் ஜப்பானில் ஒரு குழுவினரும் வைரப் பட்டடையில் பனிக்கட்டியை நெருக்கி, அகச்சிவப்புக் கதிர்களால் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 6 இலட்சம் வளிமண்டல அழுத்தத்தில், தாழ்ந்துகொண்டே வந்த அதிர்வின் போக்கு மாறி, அதற்கு மேற்பட்ட அழுத்தத்தில் புதிய வகை அதிர்வுகள் உயர்ந்து செல்லக் கண்டனர். பத்தாம் பனிக்கட்டி தோன்றியதற்கு அது சான்றாயிற்று.

பத்தாம் பனிக்கட்டியில் ஆக்சிஜன்களின் இடைத்தொலைவு ஏறத்தாழ 2.4 ஆங்ஸ்ட்ரமாகக் குறைகின்றது. ஹைட்ரஜன் இரண்டிற்கும் சரிநடுவே, இருபுறமும் 1.2 ஆங்ஸ்ட்ரம் தொலைவில் நிற்கின்றது. சொந்தம் இது, அயல் இது என்னும் வேறுபாடு நீங்கிற்று. வன்பிணைப்பு, மென்பிணைப்பு என்னும் பெயர்களும் பொருளிழந்தன. ஒவ்வோர் ஆக்சிஜனையும் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் ஒரே தொலைவில் நிற்கின்றன; அந்நான்கில் ஒவ்வொன்றும் வேறோர் ஆக்சிஜனுக்கும் பாதி உரியது.

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். இரண்டு ஹைட்ரஜன்களைத் தன்னுடையனவாகக் கொண்ட ஓர் ஆக்சிஜன் என்பதே நீர் மூலக்கூறின் இலக்கணம். பத்தாம் பனிக்கட்டியில் எந்த ஆக்சிஜனுக்கும் தன்னுடைய ஹைட்ரஜன் என்று ஒன்றில்லை. ஆகவே அங்கு நீர் மூலக்கூறே இல்லை. எடுத்துக்கொண்ட பொருள் நீர். அதில் ஓரணுவும் கூடவில்லை, ஓரணுவும் குறையவில்லை. எனினும் நீரை நீராக்கும் தனிக்கூறு மறைந்துவிட்டது. அழுத்தம் மென்பிணைப்பை முறிக்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. நேர்ந்ததோ அதற்கு மறுதலை. வலுவில்லாதது எனக் கருதப்பட்ட மென்பிணைப்பு வன்பிணைப்புக்கு நிகராக உயர்ந்தது. வன்பிணைப்பு அதற்கு நிகராகத் தாழ்ந்தது. முறிந்துபோயிற்று எனச் சொல்லத்தக்கது மூலக்கூறின் தனியுரிமை ஒன்றே.

விண்ணிலும் மண்ணிலும்

பேரழுத்தத்தோடு பெருவெப்பமும் சேர்ந்தால் ஹைட்ரஜன்கள் நடுவிலும் நிலைகொள்வதில்லை. ஆக்சிஜன்கள் படிகமாய் அசையாது நிற்க, ஹைட்ரஜன்கள் அவற்றினூடே நீர்போல் ஓடித் திரியும். இத்தகைய பனிக்கட்டி இருத்தல் கூடும் எனக் கணக்குகள் முன்னரே கூறியிருந்தன. வலிமை மிக்க லேசர் ஒளியால் நீரைக் கணப்பொழுதில் நெருக்கி ஆராய்ந்த அமெரிக்க அறிஞர், 2018, 2019-ஆம் ஆண்டுகளில் அதற்குச் சான்று கண்டனர். மின்சாரத்தைக் கடத்துவதும் பல ஆயிரம் பாகை வெப்பமுடையதுமான அப்பனிக்கட்டி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய கோள்களின் உள்ளே மிகுந்திருக்கலாம் எனக் கருதுகின்றனர்.

விண்ணில் மட்டுமன்று, காலின் கீழும் பேரழுத்தப் பனிக்கட்டி உண்டு. 2018-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் சீனாவிலும் கிடைத்த வைரங்கள் சிலவற்றை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது, அவற்றினுள் ஏழாம் பனிக்கட்டியின் நுண்துகள்கள் அடைபட்டிருத்தல் தெரிய வந்தது. நிலத்தின் அடியில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் அவ்வைரங்கள் உருவானபோது, அங்கிருந்த நீர் அவற்றுட் சிக்கிக்கொண்டது. வைரம் மேலே வந்த பின்னும் உள்ளிருந்த அழுத்தம் நீங்கவில்லை. குளிர்ந்ததும் நீர் பனிக்கட்டியாயிற்று. நிலவுலகின் ஆழத்தில் நீர் உண்டு என்பதற்கு அது கையிற் கிடைத்த சான்றாகும். மனிதன் 1958-இல் அமைத்த வைரப் பட்டடையை இயற்கை தொன்றுதொட்டே அமைத்து வைத்திருந்தது.

முடிவுரை

இந்நாள் வரை அறியப்பட்ட பனிக்கட்டி வகைகள் ஏறத்தாழ இருபது. பேரழுத்தத்தில் அவை கொள்ளும் வடிவங்கள் பலவாயினும் ஹைட்ரஜன் பிணைப்பின் ஒழுக்கம் ஒருவகைப்பட்டதே. நெருக்கம் சிறிதாயின் வளைந்து கொடுக்கின்றது. பெரிதாயின் தன் வெற்றிடத்தில் மற்றொரு சாரத்துக்கு இடமளிக்கின்றது. இடமே இல்லாதபோது தன் ஹைட்ரஜனை இருவர்க்கும் பொதுவாக்குகின்றது. அறுத்துக்கொண்டு போவதை மட்டும் அது விரும்புவதில்லை.

பைக்கால் ஏரியின் பனிக்கட்டி புகைவண்டிப் பெட்டிகளைத் தாங்கியது. அதன் கீழே மீன்கள் வாழ்ந்தன. இரண்டும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தன. வன்பிணைப்பின் வலிமையில் இருபதில் ஒரு பங்கே உடைய ஒரு பிணைப்பு நான்கு திசைகளிலும் கை நீட்டி நின்றமையே அக்காரணம். அதன் மெய்யான ஆற்றலை உலகம் அறிந்தது, மேலே வண்டிகள் உருண்டபோதன்று. வைரத்தின் முனையில் அதனை நெருக்கிப் பார்த்த பின்னரே.